ஏழாவது விடயம்

எங்கள் பால் சங்கத்தில்
என்னிடம் இரண்டு முத்திரைகள்.
ஒன்று 'பெற்றுக்கொண்டேன்',
மற்றது 'அங்கீகரிக்கப்பட்டது'.
இரண்டுக்கும் ஒரே மைப்பெட்டி.
அவசரத்தில் சிலவேளை
பாலை அங்கீகரித்திருக்கிறேன்,
தீர்மானத்தைப் பெற்றுக்கொண்டிருக்கிறேன்.
ஒருவரும் கேட்டதில்லை.

விடிய நாலரைக்கு
அக்கராயன் வாய்க்கால் றோட்டால்
சைக்கிள்களில் கான்கள் வந்து இறங்கும்.
பால்மானியை விட்டு
மிதக்கிற கோட்டைப் பார்த்துச் சொல்லுவேன்:
இருபத்தெட்டு. இருபத்தேழு.
பூலோகம் அண்ணையின் கானில் இருபத்துமூன்று.
அவர் வானத்தைப் பார்ப்பார்,
மழை தவறி விழுந்ததுபோல.
இதற்கு எனக்குச் சம்பளம்
மாதம் முப்பத்தோராயிரம்.

இரண்டாம் ஞாயிறு
அதே மண்டபம், அதே கதிரை,
நான் பொருளாளர்.
போட்டியின்றித் தெரிவு.
கணக்கெழுதத் தெரிந்த வேறு ஆள் இல்லையாம்.
காசோலையில் என் பெயரை எழுதுகிற கையும்
தலைவருக்குப் பக்கத்தில் ஒப்பம் வைக்கிற கையும்
கிளிநொச்சி வங்கியில் அதை நீட்டுகிற கையும்
இந்தக் கைதான்.
காசை எண்ணும்போது மட்டும் கொஞ்சம் வியர்க்கும்.

கணக்குச் சரி. ஒரு சதம் பிசகில்லை.
இதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்வது.
சதத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை என்பது
எனக்கும் தெரியும்.

இந்தமுறை ஏழாவது விடயம்
ஊழியர் சம்பள உயர்வு.
ஊழியர் என்றால் மூன்று பேர்:
நான்,
பவுசர் ஓடுகிற விமலறஞ்சன், தலைவரின் மருமகன்,
தொட்டி கழுவுகிற பத்மசோதி, ஒருவருக்கும் ஒன்றுமில்லாதவள்.

ஆறாவது விடயம்
லீற்றருக்கு இரண்டு ரூபா கூட்டுவது.
இருக்கிற காசு ஒன்றுதான்.
ஆறுக்குக் கொடுத்தால் ஏழுக்கு இல்லை.
'நிதி நிலை போதாது, ஒத்திவைப்பம்' என்று
ஆறில் சொன்னவள் நான்.
பொருளாளராகத்தான் சொன்னேன்.
உண்மையும் அதுதான்.
உண்மை இவ்வளவு வசதியாக இருந்ததை
நான் முன்னர் கண்டதில்லை.

தர்மலோஜினி எழும்பினாள்.
முறிகண்டியிலிருந்து கலியாணம் கட்டி வந்தவள்,
இரண்டு மாடு, ஒரு நாம்பன் கன்று.
குரலை உயர்த்தவில்லை.
"அக்கா, ஏழாவதைக் கதைக்கேக்க
நீங்கள் கொஞ்சம் வெளியில இருங்கோவன்."

போனேன்.
எங்கள் மண்டபத்துக்கு அரைச்சுவர்.
மிச்சத்தைக் கட்டித் தருவதாகச் சொன்ன நிறுவனம்
பதாகையை மட்டும் விட்டுப் போனது.
மேலே தகரம், நடுவில் காற்று.
வெளியே நின்றால்
இடுப்புக்குக் கீழேதான் வெளியே.

தலைவர் என்னைப் பார்த்தே கேட்டார்:
"அப்ப, எவ்வளவு கூட்டலாம்?"
சுவருக்கு மேலால்
முகங்கள் எல்லாம் என் பக்கம் திரும்பின.
ஒருவரும் எனக்குப் பகையில்லை.
அரைவாசிப் பேருக்கு
மாட்டுக் கடன் படிவம் நிரப்பிக் கொடுத்தவள் நான்.
கை உயர்த்துவார்கள், தெரியும்.
நாளை விடிய அவர்களின் பாலில்
நான் கோடு பார்ப்பேன் என்று
அவர்களுக்கும் தெரியும்.

நிற்க ஏலாமல் பின்பக்கம் நடந்தேன்.
பைப்படியில் பத்மசோதி
கான்களைத் தும்பால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.
ஞாயிறுக்கு அவளுக்குக் கூலி இல்லை.
ஒரு கானை எடுத்துக் குழாயைத் திறந்தேன்.
தண்ணீர்ச் சத்தத்தில்
உள்ளே கதைப்பது ஒன்றும் கேட்கவில்லை.
அதற்காகத்தான் திறந்தேன்.

"எனக்கும் கூடுமோ அக்கா?"
"கதைக்கினம்."
"எனக்காக உள்ளுக்கை ஆர் கதைக்கினம்?"

கான் நிரம்பி வழிந்தது.
அடைக்க மறந்திருந்தேன்.

மறுநாள் விடிய
தர்மலோஜினியின் கானில் இருபத்தேழு.
இரண்டு தரம் பார்த்தேன்.
பிறகு பால்மானியை அப்படியே விட்டு
விலகி நின்று
அவளைக் குனிந்து பார்க்கச் சொன்னேன்.
பார்த்தாள்.
சட்டைப் பையிலிருந்து
ஒரு சின்னக் கொப்பியை எடுத்து எழுதினாள்.
பழைய கொப்பி.
பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது.